ஈரம் காயாத பச்சை

வீட்டைத் திறந்ததும் பெயின்ட் வாடை அடித்தது.

ஆனந்தமேரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அரியாங்குப்பத்தில் கண்ணையன் வீட்டு மாடியில், ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் ஒரு சமையல் மூலையுமாக, ஏழு ஆண்டுகளாக அவள் தனியாகக் குடியிருக்கும் வீடு அது. காலையில் மழைக்காகச் சன்னல்களை அடைத்து, கதவைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். அடைபட்ட அந்த ஈரக் காற்றில், நனைந்த சுவரின் பூஞ்சை மணத்தையும் நேற்றைய சாம்பாரின் புளிப்பையும் மீறி, தொண்டையின் பின்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் புதுப் பெயின்ட்டின் எண்ணெய் நெடி, யாரோ சற்றுமுன்தான் வேலையை முடித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போயிருப்பதுபோல் வீடெங்கும் நிறைந்து நின்றது.

மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே கண்ணையன் ஸ்கூட்டரின்மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல யாராச்சும் வந்தாங்களா?"

"பூட்டிப்போட்ட வூட்டுக்கு யாரு மேரிம்மா வருவா?"

"பெயின்ட் வாடை அடிக்குது."

"பெயின்ட்டா? மூணு வருஷமா அடிச்சுக் குடு, அடிச்சுக் குடுன்னு என்னைக் கேட்டுக்கேட்டு உனக்கு மூக்குலயே ஏறிப்போச்சு. பொங்கலுக்கு அடிச்சுடுறேன், கவலைப்படாத."

அவரோடு சேர்ந்து சிரிக்க முயன்றாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். சன்னல்களைத் திறந்தாள். மழைக்காற்று உள்ளே வந்தது. வாடை வெளியே போகவில்லை.

கை கழுவும்போதுதான் பார்த்தாள். வலக்கைச் சுட்டுவிரலின் நுனியில் பச்சை. ஒரு பயறளவு. ஈரமாக. சோப்புப் போட்டாள், தேங்காய் எண்ணெய் தடவினாள், பாத்திரம் துலக்கும் நாரால் தோல் எரியும்வரை தேய்த்தாள். போயிற்று. துண்டில் துடைத்துவிட்டு விளக்கடியில் விரலை நீட்டினாள்.

பச்சை.

அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் கதவைத் தொட்டபோது ஒட்டியது அது.

குழந்தைகளின் பாதுகாப்புக்கென்று நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் கள ஆய்வாளர். ஒரு குழந்தை வீட்டில் வதைபடுகிறது என்று தகவல் வந்தால், அவ்வீட்டுக்குச் சென்று, கண்ணால் கண்டு, அறிக்கை எழுதுவது அவள் பணி. அவள் எழுதும் ஒரு வரியில் குழந்தை வெளியே வரும். மற்றொரு வரியில் உள்ளேயே இருந்துவிடும். பதினேழு ஆண்டுகளாக அந்தப் பேனா அவள் கையில் இருந்தது.

எட்டு வயது ஜூலிக்குத் தாய் இல்லை. தகப்பன் போன இடம் தெரியவில்லை. தாய்மாமன் லூர்துபிரகாஷ் வளர்த்தார். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தபடியே நடுங்குகிறாள் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. ஆனந்தமேரி பள்ளிக்குச் சென்று, காகிதமும் கிரேயானும் கொடுத்து, உன் வீட்டை வரைந்து காட்டு என்றாள். எந்தக் குழந்தையிடமும் அவள் முதலில் கேட்பது அதைத்தான். குழந்தைகள் கூரையை வரைவார்கள்; கூரைக்கு மேலே சூரியனை வரைவார்கள். ஜூலி ஒரு கதவை மட்டும் வரைந்தாள். பச்சைக் கதவு. அதன் வெளிப்பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று தாழ்ப்பாள்.

"மூணு எதுக்கும்மா?"

"ஒண்ணு போட்டா நான் தட்டித்தட்டித் தொறந்துடுறேன் மிஸ்."

சொல்லாமல் போய் நிற்கவேண்டும் என்பது ஆய்வின் முதல் விதி. ஆனந்தமேரி சொல்லிவிட்டுப் போனாள். லூர்துபிரகாஷ் அவளுடைய பங்குக் கோயிலைச் சேர்ந்தவர். தேர் வரும்போது முன்னால் மைக் பிடித்து ஜெபம் சொல்லுகிறவர். அவள் அம்மாவின் அடக்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர். திடீரென்று போய் நின்றால் அந்த வீட்டுப் பெண்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று, முந்தின நாள் மாலையே போன் செய்தாள்.

"அதுக்கென்ன மேரி, நம்ம வூடு. எப்ப வேணா வா," என்றார். "கேக் வாங்கிவைக்கச் சொல்றேன்."

அந்த ஓர் இரவு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையின் பச்சைக் கதவில் மறுநாள் தாழ்ப்பாள் எதுவும் இல்லை. மேலே நான்கு, நடுவே நான்கு, கீழே நான்கு எனத் திருகாணிகள் இருந்த துளைகள் மட்டும் இருந்தன. மெழுகுவர்த்தியை உருக்கி அவற்றை அடைத்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். தொட்டாள். விரலில் ஒட்டியது. திருநாள் கவுனில் நிறுத்தப்பட்டிருந்த ஜூலி, அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். பச்சையைப் பார்த்தாள். பிறகு ஆனந்தமேரியின் முகத்தைப் பார்த்து, அதுவரை சிரித்தறியாத அந்தக் குழந்தை, சிரித்தாள். தன் கதையை ஒருவர் நம்பிவிட்டார் என்ற சிரிப்பு அது.

"இங்க இருக்க உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று, மாமன் பக்கத்தில் நிற்கும்போதே ஆனந்தமேரி கேட்டாள். ஜூலி அவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு ஆனந்தமேரி கேக்கைச் சாப்பிட்டாள். "எல்லாம் நல்லபடியா இருக்கு" என்று சொல்லி விடைபெற்றாள். அறிக்கையில் எழுதினாள்: குழந்தையைப் பூட்டிவைத்ததற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை.

பணத்துக்காகவா எழுதினாள்? இல்லை. பயத்துக்காகவா? அன்றைக்கு அதுவும் இல்லை. முகத்தாட்சண்யத்துக்காக எழுதினாள். கோயிலில் எதிர்ப்படும்போது ஒரு பெரிய மனிதரின் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காக, ஒரு சிறிய உயிரை அந்த முகத்துக்கு எதிரே வைத்துவிட்டு வந்தாள். இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. நல்ல மனிதர்கள் தினந்தோறும் செய்வதால் பெயர் வைக்க யாரும் முன்வரவில்லை.

அதன்பிறகு நாற்பத்தொரு நாள் ஜூலி அந்த அறையில் இருந்தாள். சோறு வைக்கக் கதவு திறந்த ஒரு நண்பகலில் அத்தையின் காலிடுக்கில் புகுந்து ஓடி, தெருவில் வந்து விழுந்தாள். போலீஸ் வருவதற்குள் அந்தக் கதவே அங்கே இல்லை. புதுக் கதவு மாட்டப்பட்டிருந்தது. பூட்டிவைத்தோம் என்பது பிள்ளையின் கற்பனை என்கிறது மாமன் தரப்பு; சாட்சிக்கு ஆனந்தமேரியின் அறிக்கையையே காட்டுகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு நீதிமன்றத்தில் அவள் கூண்டேற வேண்டும். துளைகளைப் பார்த்தேன் என்று அவள் சொன்னால் லூர்துபிரகாஷ் உள்ளே போவார். சொல்லாவிட்டால் விடுதலையாவார். ஆனதும் தாய்மாமன் உரிமையில் ஜூலியைத் திரும்பக் கேட்பார். தயாராக மனு எழுதி வைத்திருந்தார்.

"எழுதினதையே சொல்லுங்க மேடம்," என்றார் இன்று பிற்பகல் மேலதிகாரி கமலக்கண்ணன். "மாத்திச் சொன்னா உங்களையும் சேத்து கேஸ்ல ஏத்திடுவாங்க. இன்னும் ரெண்டு வருஷம்தானே சர்வீஸு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

போன் அடித்தது. கனீஸ் பாத்திமா. ஜூலி இப்போது இருக்கும் இல்லத்தின் மனநல ஆலோசகர். ஆனந்தமேரியைவிடப் பத்து வயது இளையவள்.

"மேரிக்கா, சாப்டீங்களா? ஒரு நல்ல சேதி. ஜூலி நேத்து ராத்திரி முழுசாத் தூங்கிட்டா. லைட்ட அணைக்கச் சொல்லி அவளே கேட்டா. இங்க வந்ததுலேர்ந்து இதான் முதல் தடவை."

"நல்லது கனீஸ்."

"எப்படிடி தூக்கம் வந்துச்சுன்னு கேட்டேன். அந்த ரூம இனிமே நான் வச்சுக்க மாட்டேன், மிஸ்ஸுக்குக் குடுத்துட்டேன்னு சொல்றா."

"எந்த மிஸ்ஸுக்கு?"

"உங்களுக்குத்தான்." கனீஸ் சிரித்தாள். "ரெண்டு நாளா மிஸ் வூடுன்னு உங்க வூட்டைத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்கா. மாடிப்படி, முருங்கை மரம், தார்ப்பாய் போட்ட ஸ்கூட்டர். பச்சைக் கிரேயானே தீந்துபோச்சு. எப்பக்கா கூட்டிட்டுப் போனீங்க? எனக்கு ஒரு டீகூடக் குடுத்ததில்ல."

ஆனந்தமேரி அந்தக் குழந்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்ததே இல்லை.

"அக்கா, இன்னொண்ணு. ஸ்கூல்ல முதல்ல ஒரு கதவு படம் போட்டாளாம், அது உங்ககிட்டதான் இருக்குன்றா. வக்கீலம்மா கேக்குறாங்க. அது கிடைச்சா கேஸ் நிக்கும்ன்றாங்க. இருக்கா?"

சன்னலுக்கு வெளியே முருங்கை இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிற்று.

"இல்ல கனீஸ். தேடிட்டேன். ஃபைல்ல இல்ல."

உண்மைதான். கோப்பில் இல்லை. படுக்கையறை பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது.

"சரிக்கா," என்றாள் கனீஸ். "அவ உங்கள நம்புறா. மிஸ் கையில பச்சை பட்டுச்சு, அதனால மிஸ் வருவாங்கன்னு தினம் எண்ணிக்கிட்டே இருந்தாளாம் அந்த ரூம்ல. நாளைக்குப் பாக்கலாம்."

போனைச் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுத் திரும்பினாள். படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. பழைய பழுப்பு வார்னிஷ் அடித்த கதவு. அதன் வெளிப்பக்கத்தில், கூடத்து விளக்கு சாய்வாக விழுந்த இடத்தில், சிறு புள்ளிகள் வெளுத்துத் தெரிந்தன. அருகில் போனாள். மேலே நான்கு. நடுவே நான்கு. கீழே நான்கு. நகத்தால் சுரண்டினாள். மெழுகு. இன்னும் இளஞ்சூடாக இருந்தது. கோயில் மணம் வீசிற்று.

வீட்டைவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் நாளைக் காலை பத்து மணி அவள் பின்னாலேயே வரும். அந்தப் படம் இல்லாவிட்டால் கேள்வியும் இல்லை. அது ஒரு காகிதம். ஒரே ஒரு காகிதம்.

கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி சாப்பாட்டு நாற்காலி ஒன்றை இழுத்து அணைவாக வைத்தாள். உள்ளே விளக்கைப் போட்டாள். பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் கையை விட்டாள். படம் குளிர்ந்து கிடந்தது. அதில் கிரேயான் பச்சை மேடாக, அழுத்தி அழுத்தித் தீட்டப்பட்டிருந்தது. தாழ்ப்பாள்கள் மட்டும் கறுப்பு. ஒரு மூலையில் அவளே எழுதிய தேதி. அவளுடைய கையெழுத்து.

கோயில் மணி ஆறு அடிக்கத் தொடங்கிற்று. அந்த மணிக்குச் சிலுவை போடும் பழக்கம் அவளுக்கு. போடவில்லை. இரண்டு கைகளாலும் படத்தை நடுவே கிழித்தாள்.

விளக்கு அணைந்தது.

திரும்பினாள். கதவு மூடியிருந்தது. நாற்காலி இழுபட்ட ஓசைகூடக் கேட்கவில்லை.

மேலே. டக்.

நடுவே. டக்.

கீழே, ஒரு குழந்தையின் முழங்கால் உயரத்தில், மெதுவாக. டக்.

கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. அறையின் ஒரே சன்னலுக்குக் கம்பி. கம்பிக்கு அப்பால் பக்கத்து வீட்டின் சன்னலில்லாத சுவர். மேசைமீது போன் அடித்தது. அடித்தது. ஓய்ந்தது.

"ஜூலி," என்றாள். "ஜூலிம்மா. நீயா?"

பெயின்ட் வாடை. மூச்சு முழுவதும் பெயின்ட்.

"நான் பார்த்தேன்." கதவோடு முகத்தை ஒட்டிவைத்தாள். "துளையப் பார்த்தேன். தொட்டேன். எனக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லிடுறேன். எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

கையிலிருந்த இரண்டு துண்டுகளையும் இருட்டில் ஒன்றோடு ஒன்று வைத்துப் பொருத்தினாள். பொருந்தவில்லை. கதவைத் தட்டினாள். ஒன்றை மட்டும் போட்டால் தட்டித்தட்டித் திறந்துவிடலாம். மூன்று. அது அவளுக்குத் தெரிந்த கணக்கு. தட்டினாள். இரு கைகளாலும் தட்டினாள்.

மாடிப்படியில் காலடி. கனத்த, பழகிய காலடி. கண்ணையன்.

"மேரிம்மா? என்னா அது, தட்டுற சத்தம்?"

வாயைத் திறந்தாள். அதற்குள் கூடத்திலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள். நிதானமான, மரியாதையான, பதினேழு ஆண்டுகள் பழக்கப்பட்ட குரல். ஆனந்தமேரியின் குரல்.

"ஒண்ணுமில்லண்ணே. உள்ள போய்ப் பாத்துட்டேன். எல்லாம் நல்லபடியா இருக்கு."

"அப்ப சரி. மழை வருது, சன்னல சாத்திக்க."

"அண்ணே," என்று அலறினாள். அலறியது தன் காதிலேயே சிறியதாக, எட்டு வயதுப் பிள்ளையின் குரலாகக் கேட்டது. காலடிகள் இறங்கின. ஒவ்வொரு படியாக. கடைசிப் படி. மழை.

முழந்தாளிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்தாள். கதவின் அடியில் கூடத்து வெளிச்சம் ஒரு கோடாக நீண்டிருந்தது. கோட்டுக்கு அப்பால் இரண்டு பாதங்கள். குழந்தையின் பாதங்கள் அல்ல. வாசலில் அவள் கழற்றிவிட்ட அவளுடைய செருப்பை அணிந்த பாதங்கள்.

மரத்தின்மேல் பிரஷ் நகரும் ஓசை கேட்டது. மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து கீழே. அவசரமில்லை. ஓர் இரவு முழுவதும் இருக்கிறது.

பாதங்கள் மடங்கின. யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். வெளிச்சக் கோட்டின் இடது முனையில் பிரஷ் வந்து தொட்டது. ஒரு விரலளவு வெளிச்சம் பச்சையாயிற்று.

பிறகு, இன்னொரு விரலளவு.