மூச்சம்மன் சந்து

செவ்வூரில் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் ஜனங்கள் செத்துப் பிழைத்துத்தான் வேலைக்குப் போவார்கள். அதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அவரவர்க்கு அவரவர் அவசரம்.

செவ்வாய்க் கோளில் இருந்த அந்த நகரம் இரண்டு பெரிய கண்ணாடிக் குமிழ்களால் ஆனது. கிழக்குக் குமிழில் வீடுகள், மேற்குக் குமிழில் வேலை. இரண்டுக்கும் நடுவே முப்பதடி அகலத்தில் காற்றே இல்லாத வெட்டவெளி. அதற்குச் சந்து என்று பெயர். நகரத்தைக் கட்டியவர்கள் விவரமானவர்கள்தான். மண்ணுக்கடியில் சுரங்கப்பாதை போட்டு, விளக்கும் காற்றும் நகரும் படிக்கட்டும் வைத்தார்கள். மேலேதான் போவேன் என்பவர்களுக்காகக் காற்றுக்கவசங்களை வாசலிலேயே இலவசமாகத் தொங்கவிட்டார்கள். நம் ஜனங்களா கேட்பார்கள்? சுரங்கப்பாதை ஐந்து நிமிஷச் சுற்று. கவசத்தைப் போட்டால் தலைமுடி கலையும். அதனால் கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, பழுதுபார்ப்பவர்களுக்கென்று இருந்த அவசரக் கதவின் பொத்தானைத் தட்டுவார்கள். நகரத்துக் காற்று போய்விடாமல் பின்னால் ஓர் உள்கதவு மூடிக்கொள்ளும். நெஞ்சில் இருக்கும் காற்றை எல்லாம் ஊதி வெளியே விடுவார்கள். சில வினாடியில் கதவு தானாகப் படாரென்று திறக்கும், பாய்வார்கள். செவ்வாயில் உடம்பு கனக்காது. நாலு தாவலில் எதிர்க்கதவு வந்துவிடும்.

கண்ணில் ரத்தம் கட்டும், காது அடைத்துக்கொள்ளும். "என்னப்பா கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?" என்று கேட்டால், "கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்று பதில் வரும். இதற்காகவா மனிதன் பூமியை விட்டு இத்தனை கோடி மைல் வந்தான் என்று கேட்காதீர்கள். இதற்காகத்தான் வந்தான்.

ஒரே ஒரு விதி மட்டும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாயக்கூடாது. வெளியே காற்றழுத்தம் இல்லாததால், உள்ளே அடைபட்ட காற்று உப்பி நுரையீரலைக் கிழித்துவிடும். தெரிந்தும் அவ்வப்போது யாராவது மறந்துபோய் மூச்சோடு பாய்ந்து போய்ச் சேர்ந்தார்கள். "ஆறிலும் சாவு நூறிலும் சாவு" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பொத்தானைத் தட்டினார்.

இந்தப் புண்ணியவான்களைக் காப்பாற்ற மாநகராட்சிச் சுகாதாரத் துறையில் 'காயம் மற்றும் வன்முறைத் தடுப்புப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் டாக்டர் தையல்நாயகி. கெட்டிக்காரி, பிடிவாதக்காரி. முதலில் அபராதம் போட்டார். ஜனங்கள் அதையும் பஸ் டிக்கெட் மாதிரி கட்டிவிட்டுப் பாய்ந்தார்கள். கவசம் தெரிந்தால்தான் திறக்கும் மின்கண்ணைக் கதவில் பொருத்தினார். கவசத்தை மின்கண்ணுக்கு எதிரே தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி முழங்கையில் மாட்டிக்கொண்டார்கள். வாசலில் ஒரு காவல் இயந்திரனை நிறுத்தினார். வேலைக்கு நேரமாகிறது என்று நாலு பேர் சேர்ந்து அதன் கையைப் பிடுங்கி, அந்தக் கையாலேயே அதை அடித்தார்கள். பிரிவின் பெயரில் 'வன்முறை' என்ற சொல் சும்மா கிடந்ததில்லை.

ஊருக்கு உபதேசம் செய்கிறவரின் வீட்டு லட்சணம் என்ன? அவருடைய கணவர் மாசிலாமணி நீர் ஆலையில் மேற்பார்வையாளர். தினமும் சந்தில்தான் பாய்வார். நுரையீரலில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருந்தது.

"என்னங்க, இன்னிக்காவது சுரங்கப்பாதையில போங்க. அந்த நெஞ்சு இன்னொரு கிழிசலைத் தாங்காது. நான் டாக்டரா சொல்றேன்."

"ஊருக்குத்தான் நீ டாக்டர். எனக்குப் பொண்டாட்டி. நேரமாச்சு, வழியை விடு தையல்."

"அஞ்சு நிமிஷம் முன்னாடி எந்திரிச்சா என்னவாம்?"

"நாளையிலேர்ந்து" என்பார் அவர். அந்த நாளை வந்ததே இல்லை. அவர் எதிர்க்கதவில் நுழைந்துவிட்டார் என்று தெரியும்வரை தையல்நாயகி காப்பியைத் தொடமாட்டார். எத்தனையோ காயங்களைப் பார்த்த அந்த அம்மாளுக்கு உண்மையில் இருந்தது ஒரே ஒரு பயம்தான். இந்த மனுஷனை ஒருநாள் சந்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வருவார்களே என்ற பயம்.

உதவியாளர் ஸ்டெல்லாதான் அந்த யோசனையைச் சொன்னாள். "மேடம், பூமியில சுவத்தோரம் அசிங்கம் பண்றவங்களைத் தடுக்க சாமி படம் ஒட்டுவாங்களாம். அபராதத்துக்குப் பயப்படாதவன் அதுக்குப் பயந்து அடுத்த சுவரைப் பார்த்துப் போயிடுவானாம்."

"எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது ஸ்டெல்லா."

"உங்களுக்கு எதுக்கு மேடம்? அவங்களுக்கு இருந்தாப் போதும்."

அவசரக் கதவில் ஓர் அம்மன் முகம் வரைந்த பீங்கான் ஓட்டைப் பதித்தார்கள். உருட்டிய கண், நீட்டிய நாக்கு. கீழே எதுவும் எழுதவில்லை. எழுதினால் யார் படிக்கிறார்கள்?

ஒரு வாரம் செவ்வூரே சுரங்கப்பாதையில் போனது. அம்மன் முகத்துக்கு எதிரே பொத்தானைத் தட்ட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மாசிலாமணிகூட முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். தையல்நாயகி வீட்டில் பாயசம் வைத்தார். ஆணையர் கூப்பிட்டு, "பிரமாதம் டாக்டர்!" என்றார்.

அடுத்த வாரம் எவனோ ஒருவன் ஓட்டுக்கு முன்னால் ஒளிக்கற்பூரம் ஏற்றினான். குமிழுக்குள் நெருப்புக்குத் தடை என்பதால் கற்பூரமும் அங்கே மின்விளக்குதான். கன்னத்தில் போட்டுக்கொண்டு பாய்ந்தான். காதுகூட அடைக்காமல் எதிர்க்கதவில் நுழைந்துவிட்டான். அவ்வளவுதான், செய்தி பரவிவிட்டது. அம்மன் தடுக்க வந்தவள் இல்லை, பாய்கிறவர்களுக்குத் துணையாக வந்தவள்! பேரும் வைத்தாயிற்று: மூச்சம்மன். பயிர்க்கூடத்திலிருந்து வேப்பிலை வந்தது. யாரோ மணி கட்டினார்கள். காவல் இயந்திரனின் ஒட்டவைத்த கைக்குத் தட்டைக் கொடுத்து விபூதி கொடுக்கப் பழக்கினார்கள்.

அதோடு நின்றதா? நேர்த்திக்கடன் தொடங்கியது. பிள்ளைக்கு வேலை கிடைத்தால் ஒரு பாய்ச்சல். வீடு கிடைத்தால் குடும்பத்தோடு பாய்ச்சல். ஆயுளில் சந்துப் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஒழுங்காகச் சுரங்கப்பாதையில் போய்க்கொண்டிருந்த பயந்தாங்கொள்ளிகளும் மஞ்சள் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். தடுக்கப்போய் ஆள் சேர்த்துவிட்ட பிரிவு என்று உலகத்திலேயே ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்த அம்மன் ஓட்டைப் பெயர்த்துவிடலாம் என்று தையல்நாயகி ஆணையரிடம் போனார்.

"சாமியைப் பெயர்க்கச் சொல்றீங்களா? வேணாம் டாக்டர். கலவரம் வரும். வன்முறைத் தடுப்பும் உங்க பிரிவுதானே?" என்றார் ஆணையர்.

மாசிலாமணியும் பழையபடி பாய ஆரம்பித்திருந்தார். "இப்ப என்ன பயம்? அதான் அம்மன் இருக்காளே, நீதானே வெச்சே" என்று பெண்டாட்டிக்கே நன்றி சொன்னார்.

ஒருநாள் காலை பொத்தானைத் தட்டிவிட்டு மூச்சை முழுக்க ஊதி முடித்திருந்தார். காதுக்குள் பதித்த செவிச்சில்லில் ஆலை மேலாளரின் அழைப்பு வந்தது. எங்கேய்யா இருக்கிறாய் என்று மேலாளர் கத்தினார். மாசிலாமணி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "வந்துட்டேன் சார், வாசல்லதான் நிக்கிறேன்" என்று தொடங்கினார். அவர் நின்றது என்னவோ வாசல்தான், எந்த வாசல் என்பதில்தான் பொய். பாதிச் சொல்லில் கதவு திறந்தது.

நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டது. மருத்துவமனையில் இயந்திரங்கள் புதுச் சவ்வை நெய்து ஒட்டின. "ஒட்டினா உண்டு. இல்லேன்னா எங்க கையில ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் அறுவை மருத்துவர். தையல்நாயகி கண்ணாடிக்கு வெளியே நின்றார். குழாயும் கம்பியுமாகக் கிடந்தார் மனுஷன். அஞ்சு நிமிஷம், வெறும் அஞ்சு நிமிஷம் முன்னால் எழுந்திருக்கக் கூடாதா பாவி! அப்படித் திட்டிக்கொண்டிருந்த வாய்தான் தானாக முணுமுணுத்தது. "அம்மா மூச்சம்மா, இவரை எனக்குத் திருப்பிக் கொடுத்துடு. உன் வாசல்ல நானே வந்து பாயறேன்."

ஓட்டைத் தேர்ந்தெடுத்தவரும், பதித்த இடத்தைக் காட்டியவரும் அவர்தான். அந்த ஓட்டிடம்தான் இப்போது கையேந்தினார்.

சவ்வு ஒட்டிக்கொண்டது. இயந்திரங்கள் ஒட்டவைத்தன என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அந்த அறுவை மருத்துவரே, "எல்லாம் அவ செயல்" என்று மேலே கையைக் காட்டினார்.

காயத் தடுப்பு வாரத் தொடக்க விழா மேற்குக் குமிழில் ஏற்பாடாகியிருந்தது. அன்று காலையே கடனைத் தீர்த்துவிடுவது என்று தையல்நாயகி முடிவு செய்தார். மஞ்சள் புடவை, நெற்றி நிறைய விபூதி. மூக்கில் குழாயோடு மாசிலாமணி கூடவே வந்தார். ஆள் இளைத்துப் பாதியாகியிருந்தார்.

"வேணாம் தையல். பட்டவன் சொல்றேன், கேளு. வா, சுரங்கப்பாதையில போவோம். சாமி கோவிச்சுக்காது."

"நேர்ந்துகிட்டதுங்க. நிறுத்தினா உங்களுக்கு ஏதாவது ஆயிடும்."

"கவசத்தையாவது போட்டுக்கோயேன்."

"கவசம் போட்டா அது என்ன நேர்த்திக்கடன்? ஒரே ஒரு தடவைதானே. இதோ எதிர்ல தெரியுது கதவு" என்றார் டாக்டர்.

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டு, எதிர்க்கதவில் அவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சுரங்கப்பாதைப் படிகளில் இறங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக யாரும் சொல்லாமலே இறங்கினார். அந்தப் பாதையில் அன்று அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் மேலே நின்றார்கள். டாக்டரம்மாவே பாய்கிறார்கள், இனி நமக்கென்ன என்று வரிசை குமிழின் மறுகோடி வரை போயிருந்தது.

மணி அடித்தார்கள். இயந்திரன் விபூதி நீட்டியது. தையல்நாயகி கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். இத்தனை வருஷம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தபடியே கண்ணை மூடி, நெஞ்சில் ஒரு சொட்டுக் காற்றில்லாமல் ஊதி முடித்தார்.

செவிச்சில்லு ஒலித்தது. ஆணையர். "எங்கே இருக்கீங்க டாக்டர்? அமைச்சர் வந்தாச்சு, விளக்கேத்தணும். கவசத்தின் அவசியம் பத்தி நீங்கதான் முதல்ல பேசணும்!"

மேலதிகாரி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? தையல்நாயகி காற்றை நெஞ்சு நிறைய உள்ளே இழுத்தார்.

"வந்துட்டேன் சார், வாசல்லதான்..."

கதவு படாரென்று திறந்தது.