மிஞ்சிய பிளேட்

இரும்பு பிளேட்டுகளின் வட்டம் முட்டிவிட்டது. ஆனாலும் வெளியே கரிசல் மண்ணில் ஒரு பிளேட் மிச்சம் கிடந்தது.

ஏணி உச்சியில் நின்று மூக்காண்டி அதையே பார்த்தான். நேற்று இதே பிளேட்டுகளை மாட்டியபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

"மாப்ள, ஒண்ணு அங்கன கெடக்கே?"

கீழே நின்ற பெத்துராஜ் நிமிரவில்லை. மூக்காண்டியின் தங்கச்சி புருஷன் அவன். "கல்யாண வீட்டுல எல மிஞ்சும்லா, அது மாதிரிதான். உள்ள எறங்கும் மச்சான். வெயில் சாயுது."

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற ரோட்டோரம், காண்டிராக்டர் வளைத்துப்போட்ட பொட்டலில் நடந்த வேலை அது. தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்களாம். எண்ணெய் பொங்கினால் வயலில் பாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்த, கிணற்றைச் சுற்றி இந்த இரும்புச் சுவர் நிற்க வேண்டும். லாரியில் துண்டு துண்டாகப் போய், அங்கே போல்ட் போட்டு ஒன்றாகி, வேலை முடிந்ததும் திரும்பத் துண்டாகி அடுத்த கிணற்றுக்குப் போகும். எல்லாம் ஒரே அச்சு; எதுவும் எதோடும் சேரும். அனுப்புமுன் இங்கே மாட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ கசிந்தது. பிளேட்டுகளுக்கு நடுவே வைக்கிற ரப்பர் பட்டையை மாற்றினாலும் கசிந்தது. மேஸ்திரி ஆறுமுகச்சாமி ஒரு வாரமாக யாரோடும் பேசுவதில்லை. சாயங்காலமானால் பெத்துராஜை மட்டும் தனியே கூப்பிட்டுக் குசுகுசுப்பார்.

மூக்காண்டி சுவர்மேல் உட்கார்ந்து ஏணியை உள்பக்கம் மாற்றிப் போட்டு இறங்கினான். சுவருக்குக் கதவு கிடையாது. உள்ளே ஒருத்தன் நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே ஒருத்தன் போல்ட்டை முறுக்க வேண்டும். முகம் தெரியாது. ஒரு தட்டு தட்டினால் முறுக்கு, இரண்டு தட்டினால் நிறுத்து. உள்ளே போகிறவன் வெளியே இருப்பவனை நம்பித்தான் போக வேண்டும். மூக்காண்டிக்கு அதில் யோசனை இருந்ததே இல்லை. அப்பன் இல்லாத தங்கச்சி பூமாரியைத் தூக்கி வளர்த்து, பெத்துராஜ் கையில்தானே பிடித்துக் கொடுத்தான்.

உள்ளே காற்றில்லை. சிவப்புப் பெயிண்டின் நெடியும், வெயிலில் வெந்த ரப்பர் வாடையும், நேற்று நின்ற தண்ணீரின் பாசி வாடையும் ஒன்றாகக் கலந்து, ஈரத்துணியை முகத்தில் போட்டது போல மூச்சோடு ஒட்டிக்கொண்டன. தூரத்தில் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளின் சத்தம் இரும்பில் ஏறி, சுவர் முழுக்க ஒரு நடுக்கமாக ஓடியது. தரையில் சுவர் நிழல் பாதி வட்டத்தை மூடியிருந்தது. நேற்று இந்த நேரத்துக்கு அது கால்வாசிகூட வரவில்லை என்று தோன்றியது.

ஒரு தட்டு. பிடித்தான். முறுகியது. அடுத்த நட்டுக்கு நகர்ந்தான். ஒரு தட்டு. முறுகியது.

வெளியே 'ணங்' என்று ஒரு பிளேட் மண்ணில் விழுந்தது.

"யாருவே அது? எதைக் கழட்டுதீய?"

திரும்பிப் பார்த்தான். சுவரில் எங்கும் இடைவெளி இல்லை. எதிர்ச்சுவர் மட்டும் கொஞ்சம் கிட்ட நின்றது. காலையில் ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அகலம் இருந்த இடம். இப்போது மாடு மட்டும்தான் திரும்பும்.

'ணங்.' இன்னொன்று.

அப்போது தறிச்சத்தம் நின்றது. கரண்டு போயிருக்கும். அந்த அமைதியில் ரப்பர் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி நெருங்குவது கேட்டது. செருப்பு போட்டவர்கள் கூட்டமாக நெருங்கி வருவது மாதிரி.

இரண்டு தட்டு தட்டினான். நிறுத்து.

ஒரு தட்டு பதிலாக வந்தது.

மறுபடி இரண்டு. வேகமாக.

ஒன்று. நிதானமாக.

ஏணிக்கு ஓடினான். கை வைக்குமுன் அது மேலே போயிற்று. நுனியில் பெத்துராஜின் கை தெரிந்தது. அதில் தலைத் தீபாவளிக்கு மூக்காண்டி போட்ட மோதிரம்.

"ஏலே மாப்ள, வெளையாடாத. ஏணிய எறக்கு."

வெளியிலிருந்து பெத்துராஜின் குரல் வந்தது. பிளேட்டில் வாயை வைத்துப் பேசுகிறான்.

"வெறுந்தொட்டி ஒழுகத்தான் செய்யும்னு மேஸ்திரி சொல்லுதாரு மச்சான். உள்ள ஒரு ஆளு இருந்தாத்தான் பிடிப்பு வருமாம். மொதல்ல எம்பேரத்தான் சொன்னாரு."

"நீ எம்பேரச் சொன்னியாக்கும்."

"பூமாரி முழுகாம இருக்கா. நான் என்ன செய்ய, சொல்லும்?"

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே…" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டான். அது பெத்துராஜுக்கும் தெரியும்.

'ணங்.'

கைகளை நீட்டினான். இரண்டு பக்கமும் தட்டியது. சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தான். பெயிண்ட் வழுக்கியது. வழுக்கி விழுந்தவன் உட்கார முடியவில்லை. முழங்கால் மடங்க இடமில்லை.

'ணங்.'

வானம் தாம்பாளம் அளவு. பிறகு கும்பா அளவு.

இரும்பு சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. உள்ளங்கைச் சூடு.

வெளியே கண்ணாடி வளையல் குலுங்கியது. அந்தக் குலுங்கல் அவனுக்குத் தெரியும். தூக்குவாளியைக் கை மாற்றும்போது கேட்கிற குலுங்கல். அவள் இதை விடமாட்டாள். புருஷன் என்றும் பார்க்க மாட்டாள்.

"பூமாரி. ஏட்டி பூமாரி. நான் உள்ள கெடக்கேன். ஏணிய போடச் சொல்லு தாயி."

வளையல் நின்றது. பிளேட்டுக்கு அந்தப் பக்கம், அவன் கன்னத்துக்கு நேராக, அவள் மூச்சு விடுவது கேட்டது. சின்னதில் காய்ச்சல் வந்தால் இவன் தோளில் படுத்துக்கொண்டு விடுவாளே, அந்த மூச்சு.

"அண்ணே," என்றாள், பாசமாக. "கொஞ்சம் ஒடுங்கி நில்லுண்ணே."

மூக்காண்டி தோள்களை ஒடுக்கினான். ரப்பர் அவனுடைய இரண்டு காதையும் ஒரே நேரத்தில் தொட்டது.