கண்ணைத் திறக்கச் சொன்னவன்

இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளில் கிரேக்கப் புராணத்து மெடூசாவைப் புரிந்துகொண்ட முதல் மனிதன் ஸ்ட்ராட்டிஸ் காலுதிஸ்தான். இதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லாததால், ஏதென்ஸின் காலை நேர டிவி நிகழ்ச்சி ஒன்றில், கத்தரிக்காய் சமையலுக்கும் ராசிபலனுக்கும் நடுவே கிடைத்த நான்கு நிமிடத்தில், சிரிக்காமல் அதை நாட்டுக்கு அறிவித்தான்.

"அவ அரக்கி இல்லங்க. முடிக்குப் பதிலா தலையில பாம்பு இருக்கறது அவ தப்பா? அவளப் பாத்தவன் ஏன் கல்லானான்? பயந்து பாத்தான், அதான். அன்பா ஒருத்தன் பாத்தா ஒண்ணும் ஆகாது. என் வாசலுக்கு அவ வந்தா, நான் பாப்பேன்."

தொகுப்பாளினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அடுத்து மேஷ ராசி வந்தது.

அவன் கதை வசனம் எழுதிய தொடருக்கு செரிஃபோஸ் தீவில் படப்பிடிப்பு. மெடூசாவின் வெட்டுண்ட தலையைக் காட்டி ஒருவன் கல்லாக்கிய தீவு என்பார்கள். பார்த்தால் மறுக்கத் தோன்றாது: முற்றங்களில் வளர்த்த சில மரங்களைத் தவிர மற்றதெல்லாம் பாறை. மலைமேல் ஊரில் அனெசினா என்பவளின் வீட்டில் ஓர் அறை எடுத்து, காதலி ஃபோதினியோடு தங்கியிருந்தான். தொடரில் மெடூசாவே ஃபோதினிதான்.

அனெசினாவுக்கு ஐம்பது வயது. சிகரெட்டும் சத்தமுமாக இருப்பவள். ஆனால் பகல் மூன்று மணியானால், தீவு முழுக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்கும் அந்த இரண்டு மணி நேரமும், முற்றத்தில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள்.

"என்னக்கா, வாத்தியார் தண்டனையா? எந்தப் பாடத்துல ஃபெயில்?" என்றான் ஒரு நாள் காலை ஸ்ட்ராட்டிஸ்.

"பாஸானவங்க எல்லாம் அந்தச் சரிவுல பாறையா நிக்கிறாங்க. போய் விசாரி."

"அவ்ளோ பயமா மெடூசாகிட்ட?"

"கெட்டவளா இருந்தா வெளக்கமாத்தால அடிச்சுத் துரத்தியிருப்பேன்டா தம்பி. அவ நல்லவ. துணை தேடி வர்றா. நல்லவள என்னன்னு சொல்லித் துரத்துறது? சத்தம் போடாம, மூஞ்சியக் காட்டாம இருந்தா, வீட்ல ஆளில்லன்னு நெனச்சுப் போயிடுவா. அவளுக்கும் நல்லது."

ஸ்ட்ராட்டிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இதைத் தொடரில் ஒரு பாட்டிக்கு வசனமாக வைத்து அடுத்த காட்சியிலேயே கொன்றுவிடலாம் என்றான்.

"விடுங்கக்கா," என்றாள் ஃபோதினி. "மெடூசாவப் பாத்துக் கல்லாகுறாங்களோ இல்லையோ, இவன் வசனத்தக் கேட்டா ஆயிடுறாங்க. கேமராமேன் நேத்தே பாதி ஆயிட்டாரு."

மதியம் அனெசினா புதிய வாடகைக்காரர்களை அழைத்துவரத் துறைமுகத்துக்கு இறங்கினாள். கப்பல் தாமதம். ஃபோதினி நீந்தப் போயிருந்தாள். மூன்று மணிக்கு ஸ்ட்ராட்டிஸ் அறைக் கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்து, லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்து, முந்தைய நாள் எடுத்த காட்சியை முழுச் சத்தத்தில் ஓடவிட்டான். யாரையும் கல்லாக்கிவிடக் கூடாது என்று மெடூசா குகைக்குள் கண்ணை மூடியே வாழ்கிறாள், நாயகன் வருகிறான். நாயக நடிகர் இன்னும் தீவுக்கு வந்துசேராததால் அந்தக் குரலைத் தற்காலிகமாக ஸ்ட்ராட்டிஸே கொடுத்திருந்தான். தன் குரல் தனக்குப் பிடித்துப்போகவே, காட்சி முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி வைத்தான்.

"ஒருவராவது என்னைப் பார்க்க மாட்டீர்களா?" என்றது ஃபோதினியின் குரல், ஊரின் சாத்திய ஜன்னல்களின் மேல்.

"பயப்படாதே," என்றது அவனுடைய குரல். "கண்ணைத் திற. என்னைப் பார்."

ஆறாவது முறை ஓடும்போது ஏதோ குறைவதாகப் பட்டது.

சில்வண்டுகள். ஆகஸ்ட் மாதத்தில் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் யாருமே கேட்காத அந்த இரைச்சலில், சரிவின் அடியிலிருந்து ஒரு துண்டு மட்டும் யாரோ கத்தரித்து எடுத்ததுபோல் இல்லாமல் போயிருந்தது. முற்றத்துக்கு வந்து நின்று கேட்டான். கீழே தேவாலயத்தை ஒட்டிய ஆலிவ் மரத்தில் சத்தமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு மேல் வீட்டு அத்திமரம் அடங்கியது. ஒரு நிமிடம் கழித்து, படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த பாதாம் மரம். அவை மறுபடி தொடங்கவில்லை. மௌனம் படியேறி வந்துகொண்டிருந்தது, மூச்சு வாங்க அங்கங்கே நின்று வருகிறவர்கள் வருவதுபோல. கூடவே ஒரு வாசனை: நெடுநாள் திறக்காத கிணற்றின் குளிர்ந்த வாசனை, வெந்துகொண்டிருந்த அந்த வெயிலில்.

வெளிச்சுவரோரத் திராட்சைக் கொடியில் ஒரு சில்வண்டு இருந்தது. அது வாசலைப் பார்த்தபடி இருந்தது. விரலால் தள்ளினான். நகரவில்லை. கிள்ளினான். நகம் வழுக்கியது. அது தரையில் விழுந்தபோது கூழாங்கல்லின் சத்தம் கேட்டது.

"வெயில்," என்று உரக்கச் சொல்லிக்கொண்டான்.

மலை முழுக்க இப்போது இரண்டே குரல்கள். ஃபோதினியுடையதும் அவனுடையதும், அறைக்குள்ளிருந்து. ஓடிப்போய் அணைத்துவிடலாம். ஆனால் அவன் நின்ற மூலைக்கும் அறைக்கும் நடுவே முற்றத்து வாசல் திறந்து கிடந்தது. வாசலுக்கு எதிரே படிக்கட்டுத் திருப்பத்தின் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் ஒரு பெண்ணின் நிழல். ஒல்லியான நிழல். கூச்சத்தோடு, அழைப்பு வந்த வீடு இதுதானா என்று தயங்கி நிற்பவளுடைய நிழல். காற்றே இல்லை. நிழலின் தலைமுடி மட்டும் நிதானமாகத் திசை மாறிக்கொண்டிருந்தது.

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அப்போதுதான் கீழிருந்து செருப்புச் சத்தம். சளக், சளக். ஈரச் செருப்பு. ஃபோதினி.

மொபைலை எடுத்து அவளை அழைத்தான். அவளுடைய மொபைல் அறைக்குள் கட்டில்மேல் பாடியது.

என்ன சொல்லிக் கத்துவது? வராதே என்றால் ஏன் என்று வருவாள். பார்க்காதே என்றால் எதை என்று பார்ப்பாள். அவனே எழுதினாலும் அப்படித்தான் எழுதுவான்.

"ஃபோதினி! கண்ண மூடு!"

செருப்பு நின்றது. "என்னடா, சர்ப்ரைஸா?" சிரிப்பு. "கேக் வாங்கியிருந்தா நேரா சொல்லு. எனக்குப் பசி."

"கெஞ்சிக் கேக்குறேன். மூடு. திறக்காத."

"சரி, சரி. மூடிட்டேன். வழுக்கி விழுந்தா நாளைக்கு மெடூசாவா நீதான் நடிக்கணும்."

சளக். சளக். சுவரைத் தடவிக்கொண்டு ஏறுகிறாள். நிழல் அவள் பக்கம் திரும்பியது. ஒதுங்கி வழிவிட்டது. அப்புறம் அவள் தடுமாறியபோது, யாராக இருந்தாலும் செய்வதைப்போல, கை நீட்டியது.

"அப்பாடா, வந்துட்டியா," என்றாள் ஃபோதினி. "கை ஏன்டா இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

ஸ்ட்ராட்டிஸ் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. காற்று வந்தது.

"திறக்கலாமா?"

இல்லை. இல்லை. உதடு அசைந்தது.

"பயப்படாதே," என்றது அவனுடைய குரல், அறைக்குள்ளிருந்து, தெளிவாக, முழுச் சத்தத்தில். "கண்ணைத் திற. என்னைப் பார்."

ஃபோதினியின் பை விழுந்தது. அத்திப்பழங்கள் படிப்படியாக உருண்டு இறங்கின. கடைசிப் பழம் நிற்கும்வரை வேறு சத்தமில்லை.

பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இரவல் வாங்கிய தட்டை உடைத்துவிட்டவள் அழுவதுபோல மெல்ல, வெளியே கேட்டுவிடாமல். நிழல் குனிந்து எதையோ தடவிக்கொடுத்தது. எழுப்பிப் பார்த்தது. நிமிர்ந்தது.

வாசல் பக்கம் திரும்பியது.

அவனுக்கு எட்டும் தூரத்தில் அனெசினாவின் நாற்காலி. சுவரைப் பார்த்தபடி. சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தான். முழங்கால்கள் சுவரில் முட்டின. கைகளை மடியில் வைத்துக்கொண்டான். கண்களை மூடினான்.

வெறுங்காலடிகள். முற்றத்துக் கல்மேல். கிணற்று வாசனை. அவை நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன.

"நீங்கதானே?" என்றது குரல். சின்னப் பெண்ணின் குரல். "பாக்குறேன்னு சொன்னது நீங்கதானே?"



அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். அப்புறம், நடந்த களைப்பில், அவன் பக்கத்தில் மண்டியிட்டு அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கனமான தலை. கழுத்தோரம், காதுமடல், தாடை எங்கும் அவை குளிர்ச்சியாக நெளிந்து, இடம் தேடி, சுருண்டு, ஒவ்வொன்றாக உறங்கின.

ஒன்றைத் தவிர. அது அவன் கன்னத்தில் ஏறி வந்து, மூடிய இமைகளின் இடுக்கை மெல்லிய நாக்கால் துழாவிக்கொண்டிருந்தது.