ஏழாம் பாகத்தில் இறந்தவன்

"அண்ணே, ஷட்டரை இறக்காதீங்க... ஒரே நிமிஷம்!"

ஏழு தடித் தடிப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தவள், பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தாள். மேஜைமேல் அத்தனையையும் பொத்தென்று போட்டாள்.

"எடுத்துக்குங்க. சும்மாவே எடுத்துக்குங்க. இனி இது என் வீட்ல இருக்கக் கூடாது."

கடைக்காரர் பூட்டும் கையுமாகத் திகைத்து நின்றார். 'சாம்பல் நதி'. பத்து பாகத் தொடர். அரியணை இழந்த ராணி, பேசும் மலைநாகங்கள், ஒரு பாகத்துக்குத் தொள்ளாயிரம் பக்கம்... காலேஜில் சேர்ந்த வருஷம் தொட்டவள், வேலைக்கு வந்தும் விடவில்லை. போன வாரம்தான் விட்டாள். ராணியை நிழல்போல் காத்த குதிரைக்காரன், பாலத்தில் தனியாக நின்று சண்டை போட்டுச் செத்துப்போனான். சிதைக்குத் தீ வைத்த பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஏழாவதுலயே நிறுத்திட்டீங்களா?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். நீல யூனிஃபார்ம், தோளில் ஸ்பேனர் எட்டிப் பார்க்கும் பை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் கட்டடத்துக்கு மாதாமாதம் வரும் லிஃப்ட் மெக்கானிக். முகம் பழக்கம்தான்... ஆனால் அந்தக் கண்கள்? சிரிக்கட்டுமா என்று அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும் கண்கள். தினமும் கண்களைச் சோதிப்பதே தொழிலாக இருந்தும், இதை எப்படி விட்டாள்?

"அதனால உங்களுக்கென்ன?" என்றாள் வெடுக்கென்று.

"எட்டாவது படிங்க."

"எதுக்கு? அதுல அவன் வர்றானா?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். "படிச்சவங்க சொல்லக் கூடாதுங்க. அது பெரிய பாவம்."

"செத்தவன் எப்படி வருவான்? நீங்களும் உங்க பாவமும்!"

கடைக்காரர் குறுக்கே வந்தார். "சண்டையை வெளியில வெச்சுக்குங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

கடைசியில் நடந்தது என்ன? அவனுடைய ரெயின்கோட்டுக்குள் ஏழு புத்தகங்களும் பத்திரமாக இருக்க, இருவரும் தொப்பலாக நனைந்து அவள் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்த அக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"இல்லாத ஒருத்தன் செத்ததுக்கு ஒரு வாரமா சோறு இறங்கல இவளுக்கு. இருக்கிறவன் யாருடி இது?"

"லிஃப்ட்..." என்றாள் இவள்.

மறுநாள் அவன் எட்டாம் பாகத்தோடு கண்ணாடிக் கடைக்கு வந்தான். எழுத்தைப் பார்க்க அவன் கண்ணை இடுக்கியதைக் கவனித்தவள், பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள்.

"மெஷின் ரூம் இருட்டுல படிச்சே கண்ணைக் கெடுத்து வெச்சிருக்கீங்க. கடைசி வரி தெரியுதா?"

"தெரியலைங்க."

"அதுக்கு மேல?"

"நீங்க நடுவுல நின்னா எதுவுமே தெரியாதுங்க..."

விலகிக்கொண்டாள். காது மடல் சுட்டது. பாழாய்ப்போன மின்விசிறி ஏன் இன்றைக்கு இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது?

எட்டாம் பாகம் அவளைப் படுத்தி எடுத்தது. வரி, தானியம், மந்திரிகளின் வாய்ச்சண்டை... குதிரைக்காரனின் வாசனைகூட இல்லை. போதாக்குறைக்குக் கடைசிப் பக்கத்தில் ராணி, அவனைக் கொன்றவனின் மகனையே கல்யாணம் செய்யச் சம்மதிக்கிறாள்! ஒன்பதாம் பாகத்தோடு அவன் கடைக்குள் வந்தபோது இவள் கண்கள் தளும்பி நின்றன.

அவன் சிரித்தான்.

கேலிச் சிரிப்பா அது? இல்லை... ஆனால் அழுகிறவளுக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே புரியும்?

"நான் அழறது உங்களுக்கு வேடிக்கையா இருக்கா?"

"ஐயோ, அது இல்லைங்க... சொல்ல முடியாது... நீங்க இதைப் படிச்சா..."

"ஒண்ணும் படிக்க வேண்டாம். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

முகம் சுண்டிப்போனது அவனுக்கு. புத்தகத்தை மட்டும் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனான்.

வரவே இல்லை. கடை வாசலில் நீலச் சட்டை தெரிந்தாலே இவள் தலை நிமிரும்... தபால்காரராக இருக்கும்.

"நீ போய் ஒரு வார்த்தை பேசினா கிரீடம் இறங்கிடுமா?" என்றாள் அக்கா. "பத்து பாகம் முடிஞ்சாலும் உன் வீம்பு முடியாது போலிருக்கே!"

வெள்ளிக்கிழமை காலை. வெளியே தூறல். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் மண்டியிட்டிருந்தான். படியேறி வந்தவளைப் பார்த்ததும் எழுந்தான். அவள் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. அவன் அதைத்தான் பார்த்தான்.

"இன்னிக்குத்தான் கடைசி. நாளையிலிருந்து இந்தக் கட்டடத்துக்கு வேற ஆள் வருவாரு. நானே கேட்டு மாத்திக்கிட்டேன்."

அவள் உதடு அசைந்தது. பையைத் தோளில் போட்டுப் படியில் இரண்டடி இறங்கியவன், சட்டென்று திரும்பினான்.

"அவன் சாகலைங்க!"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

"சிதையில எரிஞ்சது வேற ஆளு. முகத்தை மூடியிருந்தாங்களே, அதான். ஒன்பதாவது பாகம், நாலாவது அத்தியாயம்... நொண்டிக்கிட்டே வந்து ராணியோட குதிரைக்குத் தண்ணி காட்டுவான். அது தெரிஞ்சதாலதான் அன்னிக்குச் சிரிச்சேன். உங்களுக்கு வரப்போற சந்தோஷத்தை நினைச்சு... யார்கிட்டயும் நான் கதையைச் சொன்னதே இல்ல. இன்னிக்குக் கெடுத்துட்டேன். கதை போனாப் போகுது... நீங்க இப்படி அழுதுக்கிட்டே இருக்கறதைப் பாத்துட்டுப் போக என்னால முடியல. நீங்க வேணும் எனக்கு."

சொல்லி முடித்துவிட்டு, ஸ்பேனரால் அடி வாங்கியவன்போல் நின்றான்.

அவளுக்கு முதலில் மூச்சு வந்தது. நீளமாக, நெஞ்சிலிருந்த கல்லெல்லாம் கரைந்தாற்போல... பிறகு சிரிப்பு வந்தது.

"தண்ணி காட்டும்போது ராணி என்ன சொல்லுவா, அதைச் சொல்லலையே?"

"அது..." அவன் விழித்தான். "உங்களுக்கெப்படி..."

"நேத்து சாயங்காலமே படிச்சுட்டேன். இந்த அழுகை அந்தச் சந்தோஷத்துல வந்ததுங்க."

"அப்போ நான் ஆரம்பிச்சப்பவே நிறுத்தியிருக்கலாமே!"

"நிறுத்தியிருந்தா கடைசி வரியை யார் சொல்லியிருப்பாங்க?" தரையைப் பார்த்தபடி கேட்டாள். "எனக்கும்... நீங்க வேணும்."

இருவர் காதுகளும் சிவந்தன. தர்மசங்கடத்தைத் தாண்ட அவன் லிஃப்ட் பக்கம் கை காட்டினான்.

"இதுல என்ன கோளாறுன்னே தெரியலைங்க. காலையிலிருந்து பாக்கறேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவசரமா வரணும்னு யாரோ போன் பண்ணியிருக்காங்க..."

"நான்தான்," என்றாள் அவள்.