அப்பாவின் கண் வரைந்த கோடு

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பள்ளி வேன் ஓட்டினார். பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'வேன் மாமா'. முன் சீட்டு எனக்கு மட்டும்தான். அந்தப் பெருமையில் கால் தரையில் படாமல் திரிந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள் கண் டாக்டர், அப்பாவுக்கு கிளாக்கோமா இருக்கலாம் என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும் நோயாம். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு சோதனை வைத்தார்கள். முடிவு ஒரே குழப்பம்.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். புள்ளி தெரியாதபோதும் குத்துமதிப்பாக அழுத்தித் தள்ளியதாக அப்பாவே வழியில் சிரித்துக்கொண்டு சொன்னார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார்.

அடுத்த வாரம் வேறு சோதனை. அரை இருட்டான அறையில் டெக்னீஷியன் அக்கா, அப்பாவின் கீழ் இமையில் முடி போன்ற கம்பியை வைத்தார். எதிரே திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி மின்னும். அதைப் பார்க்கும்போது விழித்திரையில் உண்டாகும் துளி மின்சாரத்தை மெஷின் கோடாக வரையும்.

"நீங்க எதையும் அழுத்த வேணாம் சார், கண்ணே பதில் சொல்லிடும். பல்லை மட்டும் கடிக்காம இருங்க, தாடை இறுகினா கோடு கெட்டுடும்" என்றார் அக்கா.

அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

கோடு கன்னாபின்னாவென்று ஓடியது. இரண்டாம் முறையும் அப்படியே. இன்னொரு தடவையும் கெட்டால் அடுத்த மாதம்தான் வர வேண்டுமாம். மூலையில் உட்கார்ந்திருந்த நான் அப்பாவின் கன்னத்தையே பார்த்தேன். கட்டங்கள் மின்னும்போது மட்டும் அங்கே ஒரு முடிச்சு எழுந்தது. வேண்டுமென்றே பல்லைக் கடிக்கிறார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்காவிடம் சொன்னால் அப்பாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் அந்த நோய் சும்மா இருக்குமா? அக்கா பஞ்சு எடுக்க வெளியே போனதும் அவர் பக்கத்தில் போனேன்.

"பல்லைக் கடிக்காதீங்கப்பா."

"வேன் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டா என்னம்மா பண்றது?"

"நான் நடந்தே ஸ்கூலுக்குப் போறேன். உங்க கண்ணு நல்லா இருந்தாப் போதும். டிவி முன்னாடி வாயைப் பொளந்துட்டுத் தூங்குவீங்கல்ல, அப்படி உக்காருங்க."

அப்பா சிரித்துவிட்டார். அப்புறம் சொன்னபடியே லேசாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். கோடு ஏறி இறங்கி அழகாக வந்தது.

வலது கண்ணின் பதில் பலவீனமாக இருப்பதாக டாக்டர் சொன்னார். பாதிப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம். போனது திரும்பாது, ஆனால் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். வேனையும் ஓட்டலாம், அடிக்கடி வந்து காட்ட வேண்டும். பொத்தான் விஷயத்தை அப்பா தானாகவே ஒப்புக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

முப்பது வருடமாகிவிட்டது. ஒரு வேளை மருந்தைக்கூட அப்பா தவறவிட்டதில்லை. கண்ணாடி போட்டும் நான் திணறுகிற பொடி எழுத்தைப் படித்துக் காட்டி, "இதுகூடவா தெரியலை உனக்கு?" என்று என்னைத்தான் கிண்டல் செய்கிறார்.