ஆறடிக்கு அப்பால்

மூன்றாம் வகுப்பு நிறைமதியின் பயமானி மறுபடியும் ஏறியிருந்தது. இன்று அறுபது. அருகில் இருந்தவர், தேவசகாயம் சார். நேரம், பிற்பகல் மூன்று இருபத்தைந்து.

தலைமையாசிரியை மரகதவல்லி திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். திங்களன்று முப்பத்தெட்டு, செவ்வாயன்று நாற்பத்திரண்டு, நேற்று ஐம்பத்தொன்று. அதே குழந்தை, அதே நேரம், அதே ஆள். முப்பது வருட வேலையில் அவர் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆனால் சந்தேகம் இப்படிக் கோடு போட்டுப் படிப்படியாக ஏறி அவர் பார்த்ததில்லை.

கீழப்பாறை தொடக்கப் பள்ளியின் நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளும் காலையில் வாசலுக்குள் நுழைந்ததும், சுவர்க் கொக்கியிலிருந்து ஆளுக்கொரு பயமானியை எடுத்துக் கையில் கட்டிக்கொள்வார்கள். பட்டாணி அளவு மணி, ஒரு துணிப் பட்டை, அவ்வளவுதான். நாடி, வியர்வை, தோலின் சூடு மூன்றையும் பார்த்து, நூற்றுக்கு இவ்வளவு பயம் என்று அது சொல்லிவிடும். குழந்தைக்குக் குழந்தை சுபாவம் வேறு என்பதால், பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் முழுக்க சும்மா கவனித்து, அந்தக் குழந்தையின் சாதாரண நிலை இதுதான் என்று ஒரு தொடக்கப் புள்ளி வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஏறினால்தான் பயம்.

பெரியவர்களுக்கு ‘அருகுவில்லை’ என்று ஒரு சின்ன வட்டத் தகடு. சட்டையில், சேலையில் குத்திக்கொள்ள வேண்டும். குழந்தை பயப்படும்போது ஆறடிக்குள் எந்தப் பெரியவர் இருக்கிறாரோ, அந்தப் பயம் அவர் பெயரில் பதிவாகும். ஐம்பதில் வில்லை மஞ்சளாகும், பெயர் சந்தேகப் பட்டியலுக்குப் போகும். எழுபதில் சிவப்பாகும். சிவந்துவிட்டால் அந்த ஆள் எந்தக் குழந்தைக்கும் ஆறடிக்குள் வரக்கூடாது. வட்டாரக் கண்காணிப்பாளர் கால் மணி நேரத்தில் வந்து நிற்பார்.

இதைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பு குழந்தைகள் வாய்விட்டுச் சொன்னதையே யாரும் நம்பாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. ‘குழந்தை சொல்ல வேண்டியதில்லை, மணிக்கட்டு சொல்லும்’ என்று வாசல் சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

ஆசிரியர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சட்டம் வந்த மூன்றாம் மாதமே தங்கள் மேசையைச் சுற்றி ஆறடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டார்கள். நோட்டில் கையெழுத்து வாங்க முண்டியடித்து வந்து தோளில் சாயும் பிள்ளைகள், இப்போது கோட்டருகே இருக்கும் கூடையில் நோட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எந்தப் பிள்ளையாவது முகம் சரியில்லாமல் கோட்டைத் தாண்டி வந்தால், ஆசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார். நாளடைவில் இது யோசிக்காமலே வரும் பழக்கமாகிவிட்டது. மூன்று வருடமாகக் கீழப்பாறைக்கு ‘அஞ்சாப் பள்ளி’ விருது வந்துகொண்டிருந்தது.

தேவசகாயம் மட்டும் கோடு போடவில்லை. அதுவே அவர் மேல் ஒரு கண் வைக்கப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் மூன்று இருபதுக்கு மரகதவல்லி சத்துணவுக் கூடத்தின் ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றார். குழாயடிப் படியில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். நிறைமதி அவருக்கு எதிரே நின்று, புத்தகப் பையின் வாரை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அந்த ஆள் ஒன்றும் பேசவில்லை. வெறுமனே காத்திருந்தார். ஒரு பெரிய மனுஷன் ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் எதற்காக இப்படிக் காத்திருக்க வேண்டும்?

மரகதவல்லி தேவசகாயத்தை அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்தப் பிள்ளைகிட்ட தினம் என்ன சார் பேசறீங்க?”

“நான் ஒண்ணும் பேசறதில்ல மேடம். அவளா வந்து நிக்கிறா.”

“நின்னு?”

“ஏதோ சொல்ல வர்றா. வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறா. இன்னும் ரெண்டு நாள்ல சொல்லிடுவானு தோணுது.”

“உங்க வில்லை மஞ்சளாயிருச்சு. எந்திரிச்சுத் தள்ளிப் போயிருக்கலாம்ல?”

“தள்ளிப் போனா அவ யாருகிட்ட மேடம் சொல்லுவா?”

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் மரகதவல்லிக்குப் பிடிக்கவில்லை. சந்தேகம் ஒருமுறை புகுந்துவிட்டால் தடுமாறிச் சொன்னாலும் தப்பு, தடுமாறாமல் சொன்னாலும் தப்பு. இவ்வளவு கச்சிதமான பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பானோ என்று நினைத்தார். தேவசகாயம் வெளியே போனதும் சந்தேக அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

கண்காணிப்பாளர் தில்லைநாயகம் அன்று மாலையே வந்து தேவசகாயத்தின் வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஆசிரியர் அறையில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு மேடம்” என்று ஜெயசுதா டீச்சர் மட்டும் முணுமுணுத்தார். எப்பவே என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நிறைமதியின் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பன்னிரண்டு, பத்து, பதினொன்று.

“பாத்தீங்களா மேடம்?” என்று தொலைபேசியில் தில்லைநாயகம் சொன்னார். “ஆளை எடுத்தோம், பயம் போயிருச்சு. வேற என்ன ருசு வேணும்? விருதுக்கு மூணு வருஷப் பதிவைத் தொகுத்து அனுப்பிடுங்க.”

அந்தத் தொகுப்பு வேலைதான் மரகதவல்லியின் நிம்மதியைக் கெடுத்தது. மூன்று வருடத்தின் ஏற்ற இறக்கங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, அவற்றில் பதினொரு கோடுகள் ஒரே சாடையில் இருந்தன. குழந்தை வேறு, வகுப்பு வேறு, ஆசிரியர் வேறு. ஆனால் பயம் மெதுவாக ஏறும், நாற்பதைத் தாண்டும், நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் கத்தியால் நறுக்கியது போலச் சட்டென்று விழுந்துவிடும். கீழே பதிவு, ‘பெரியவர் ஆறடிக்கு அப்பால்’. விழுந்த கோடு அதன் பிறகு ஏறவே இல்லை. பதினொன்றும் அப்படித்தான்.

அதில் ஒன்றின் கீழே அவர் பெயரே இருந்தது.

இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மாதம். ஐந்தாம் வகுப்பு அன்பழகன் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றான். கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்து, “மேடம்...” என்றான். அவருடைய வில்லையின் ஓரத்தில் மஞ்சள் கசிய ஆரம்பித்தது. “அப்புறம் வாப்பா” என்று சொல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நாற்காலிக்கால் தரையில் கீச்சென்று தேய்ந்த சத்தம் உட்பட இப்போது ஞாபகம் வந்தது. அவன் அப்புறம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். என்ன சொல்ல வந்தான் என்று இனி யாருக்குத் தெரியும்?

மரகதவல்லிக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. பயப்பட வைக்கிறவனுக்கு முன்னால் மட்டுமா குழந்தை பயப்படும்? இத்தனை நாள் மூடி வைத்ததை ஒருவரிடம் திறந்து சொல்லப்போகும்போது அதைவிட அதிகமாகப் பயப்படாதா? சொல்ல வரும் பயத்தையும் இந்த மணி பயம் என்றுதான் எழுதுகிறது. கேட்க உட்கார்ந்தவன் தலையில் அதைக் கட்டுகிறது.

நிறைமதியின் பழைய பதிவைத் திறந்தார். ஜூன் மாதம் சேர்ந்தவள். தொடக்கப் புள்ளி மற்றப் பிள்ளைகளுடையதைவிட இரண்டு மடங்கு மேலே இருந்தது. ‘சுபாவம்’ என்று கருவி அதற்கு ஒரு குறிப்பும் போட்டிருந்தது. அவள் பள்ளிக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். தினமும் இருந்ததால் அதைச் சாதாரணம் என்று கருவி எடுத்துக்கொண்டது.

மணி மூன்று பதினெட்டு. மரகதவல்லி எழுந்து குழாயடிக்குப் போனார்.

நிறைமதி அங்கே தனியாக நின்று பை வாரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தேவசகாயம் உட்கார்ந்த அதே படியில் தலைமையாசிரியை உட்கார்ந்ததைப் பார்த்து, ஜெயசுதா டீச்சர் வராந்தாவிலிருந்து பதறிக் கை காட்டினார், தள்ளிப் போங்கள் என்று. மரகதவல்லி கவனிக்காதது போல இருந்தார்.

“நிறைமதி, தேவசகாயம் சார்கிட்ட என்னமோ சொல்ல வந்தியாமே. எங்கிட்ட சொல்றியாடா?”

குழந்தை தலையைக் குனிந்துகொண்டாள். “சார் எங்க, டீச்சர்?”

“நான்தான் அனுப்பிட்டேன். தப்புப் பண்ணிட்டேன்.”

இதைக் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு டீச்சர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. வாய் திறந்தது, மூடியது. மரகதவல்லியின் தோளில் வில்லை மஞ்சளாகியது. உடம்பு தானாகவே பின்னுக்குப் போகப் பார்த்தது. மூன்று வருடப் பழக்கம் லேசில் விடுமா? இரண்டு கையாலும் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எங்கயும் போகல. நீ மெதுவாச் சொல்லு.”

“வேன்ல...” என்றாள் நிறைமதி. வில்லை சிவந்தது. “வேன்ல எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, என்னைய மட்டும் கடைசியா...”

அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. சின்ன வாக்கியங்களில், நடுநடுவே நிறுத்தி, முழுவதும் சொன்னாள். யாரிடமாவது சொன்னால் அம்மாவை மில்லில் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று வேன் ஓட்டும் சின்னராசு சொல்லி வைத்திருந்தானாம். சொல்லி முடித்ததும் மரகதவல்லியின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். தொண்ணூற்றாறு வரை ஏறியிருந்த பயமானி கடகடவென்று இறங்கியது. அதன் தொடக்கப் புள்ளிக்கும் கீழே போய், இதுவரை தொடாத ஓர் எண்ணில் நின்றது.

மரகதவல்லிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. நிறைமதியின் பயம் கூடிக்கொண்டே போன அந்த மூன்று இருபத்தைந்து, நான்கு மணி வேனுக்கு முந்திய நேரம். அது தனக்கு ஏன் உறைக்கவில்லை?

“ஜெயசுதா, வேன்ல போற பிள்ளைக ஒருத்தரையும் அனுப்பாதீங்க. எல்லா வீட்டுக்கும் போன் போட்டு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க” என்றார். மகளிர் காவல் நிலையத்துக்கு அவரே பேசினார்.

தில்லைநாயகம் சரியாகக் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வாசலில் வேன் நின்றது. சின்னராசு மரியாதையாக எழுந்து, அவருக்காக வாசல் கதவைத் திறந்துவிட்டான். அவன் சட்டையிலும் வில்லை உண்டு. பள்ளிச் சுவரைத் தாண்டினால் பயமானி வேலை செய்யாது, குழந்தைகளும் அதைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வேனில் ஏறுவார்கள். அவனுடைய வில்லை வாங்கிய நாள் முதல் பச்சை.

“மேடம், என்ன இது, தொண்ணூத்தாறு?” என்றார் தில்லைநாயகம். “நீங்களா இப்படி?”

“பிள்ளை எங்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு சார். அந்த வேன்காரன்...”

“அவன் வில்லைய இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். பச்சை. உங்களோடது சிவப்பு. சிவப்பு வில்லைக்காரங்க குடுக்கிற புகாரை நான் வாங்க முடியாது. மொதல்ல ஆறடி தள்ளி நில்லுங்க.”

மரகதவல்லி நகரவில்லை. குழந்தையின் கை அவர் கைக்குள் இருந்தது.

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்” என்று தில்லைநாயகம் நெருங்கி வந்து குனிந்தார். அவர் கெட்டவர் இல்லை. குழந்தையிடம் குரல் தணிந்துதான் பேசினார். “வாம்மா. வேன் வந்திருச்சு பாரு. நானே உன்னைய ஏத்தி விடறேன்.”

நிறைமதியின் கை இறுகியது. மணிக்கட்டில் எண் குதித்தது. தில்லைநாயகத்தின் சட்டைப் பையில் குத்தியிருந்த வில்லையில் மஞ்சள் விழுந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். அடுத்த நொடி, ஒன்றும் யோசிக்காமல், ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பின்னால் நடந்தார். ஒரு அடி, இரண்டு அடி. ஆறடி போய், மஞ்சள் மங்கிய பிறகே நின்றார்.

பாதை காலியாகிவிட்டது. மரகதவல்லி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தார். தில்லைநாயகம், “மேடம், நில்லுங்க, மேடம்” என்று கூப்பிட்டபடி பின்னால் வந்தார். ஒருமுறை கிட்டே வந்தார், வில்லை மறுபடி நிறம் மாறியது, ஒதுங்கிக்கொண்டார். அளந்து வைத்தது போல ஆறடி தள்ளியே வாசல் வரைக்கும் வந்தார்.

வாசலில் நிறைமதி பயமானியைக் கழற்றித் தானே கொக்கியில் மாட்டினாள். சாலையில் காவல் நிலைய ஜீப் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய பெண் ஆய்வாளர் குழந்தைக்கு எதிரே தரையிலேயே குந்தி உட்கார்ந்தார். அவர் காக்கிச் சட்டையில் வில்லை எதுவும் இல்லை.

பள்ளியின் கருவி அன்று மாலை வழக்கம்போல மேலிடத்துக்குத் தன் பட்டியலை அனுப்பியது. சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேர். தேவசகாயம், ஆசிரியர். மரகதவல்லி, தலைமையாசிரியை. தில்லைநாயகம், கண்காணிப்பாளர்.

சின்னராசுவின் பெயர் அதில் இல்லை. ஜீப்பில் ஏற்றும்போதுகூட அவன் வில்லை பச்சையாகத்தான் இருந்தது.