ஒரே கரு, வேறு தண்ணீர்

பிணத்துக்கு முகம் இல்லை.

முத்தையாபுரத்துக்குக் கிழக்கே, அலைத்தடுப்புக் கற்களுக்கு நடுவே கிடந்தது. முகத்தையும் விரல் நுனிகளையும் மீன்கள் தின்றிருந்தன. பின்மண்டையில் ஆழமான அடி.

கொலை...

இன்ஸ்பெக்டர் ஈவாஞ்சலின் விசாரணையைத் தொடங்கினாள்.

சங்கு குளிக்கும் இனிகோவை ஐந்து நாளாகக் காணவில்லை. அவன் மனைவி விஜிலா வந்து, கழுத்துச் செயினைப் பார்த்ததும் தன் புருஷன்தான் என்று அழுதாள். இனிகோவின் டூத் பிரஷ்ஷில் எடுத்த டி.என்.ஏ.வும் பிணத்தோடு ஒத்துப்போனது.

இனிகோ மீது கத்திக்குத்து வழக்கு. அடுத்த வாரம் தீர்ப்பு. செத்தவனுக்கு ஏது தண்டனை?

அந்த வசதிதான் ஈவாஞ்சலினை உறுத்தியது.

பிணத்தை வாங்க, சவக்கிடங்கு வாசலில் விஜிலாவோடு இனிகோவின் தம்பி ஆன்றோ நின்றிருந்தான். அதே மூக்கு, அதே சுருள்முடி. ஒரே கருவில் உருவான இரட்டையர். பிரசவத்தில் தாய் இறந்ததும் ஆன்றோவை மட்டும் சித்தி தூக்கிப்போய்க் கரிசல் காட்டில் வளர்த்தாளாம். இருபது வயதில் திரும்பி வந்து துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான்.

டாக்டர் சிவப்பிரகாஷ் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"மேடம், இந்தப் பல்லப் பாருங்க."

பல்லெல்லாம் பழுப்புத் திட்டு.

"வெத்தலக் கறையா டாக்டர்?"

"சுரண்டினாலும் போகாது. சின்ன வயசுல ஃப்ளோரைடு கூடுன தண்ணி குடிச்சிருக்கான். கடலவிட்டு உள்ளே தள்ளி சில ஊர்ல போர்வெல் தண்ணி அப்படி. அங்கன வளந்தவங்கள்ல நெறையப் பேருக்கு இருக்கும்... உடம்பு வாகப் பொறுத்து கூடக் கொறைய."

"ரெட்டைப் பிள்ளைன்னா?"

"ஜீன் ஒண்ணுதான். குடிச்ச தண்ணி வேறன்னா பல்லும் வேற."

ஈவாஞ்சலின் மறுபடியும் அந்தப் பல்லைப் பார்த்தாள்.

இனிகோ கடற்கரையை விட்டு எங்கேயும் போய் வளர்ந்தவன் இல்லையே...

விடுவிடுவென்று வெளியே வந்து, விஜிலா பக்கத்தில் நின்ற தம்பியின் முன்னால் நின்றாள்.

"ஏலே, பல்லக் காட்டு."

அவன் கை தானாக வாயைப் பொத்தியது. விஜிலாவின் அழுகை சட்டென்று நின்றது. ஏட்டு கையை விலக்கினார்.

வெள்ளை வெளேர்!

"ஆன்றோ உள்ள கெடக்கான். அப்போ நீ யாரு?"

"டி.என்.ஏ. இனிகோன்னுதான மேடம் சொல்லுது?"

"அது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்ல. ஆனா கைரேகை ரெட்டையருக்கும் ஒண்ணா இருக்காது. கத்திக்குத்து கேஸ்ல எடுத்த இனிகோ ரேகை ஸ்டேஷன்ல இருக்கு. வச்சுப் பாத்திருவமா?"

அவன் தலை தொங்கியது.

விஜிலாதான் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெயிலுக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் சேர்ந்து கடலுக்குப் போவோம் என்று இனிகோ கூப்பிட்டிருக்கிறான். தம்பி லீவு போட்டுவிட்டு ஆசையாக வந்திருக்கிறான். வள்ளத்தில் இனிகோ அவனைப் பின்னாலிருந்து அடித்து, தன் செயினை அவன் கழுத்தில் மாட்டிக் கடலில் தள்ளியிருக்கிறான்.

ஜீப்பில் ஏறியதும் இனிகோவுக்கு நாக்கு வறண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

ஈவாஞ்சலின் பாட்டிலை நீட்டினாள்.

"பயப்படாமக் குடி. இந்த வயசுக்கு மேல ஜெயில் தண்ணி ஒம் பல்ல ஒண்ணும் பண்ணாது."